பொத்தான் உங்கள் கையில்

டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்காருகிறீர்கள். சீட்டோடு பொருத்திய துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு சமாச்சாரம். அதில் மூன்று பொத்தான்கள். படம் மொத்தமே இருபது நிமிஷம்தான். நடுநடுவே கதை முச்சந்தியில் வந்து நின்று, ‘அடுத்து என்ன?’ என்று உங்களைக் கேட்கும். சட்டென்று அமுக்க வேண்டும். எந்தப் பொத்தானுக்கு ஓட்டு அதிகமோ, கதை அந்தப் பக்கம் திரும்பும்.

கற்பனை இல்லை. பாப் பெஜான் இயக்கிய ‘ஐ’ம் யுவர் மேன்’, 1992-ல் நியூயார்க்கில் இப்படித்தான் ஓடியது. பிலிம் சுருளில் இஷ்டத்துக்குத் தாவ முடியாது என்பதால் லேசர் டிஸ்க்கில் போட்டுக் காட்டினார்கள். கேட்க ஜோராக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்த வித்தை நிலைக்கவில்லை. 1995-ல் இதே பாணியில் வந்த ‘மிஸ்டர் பேபேக்’குக்கு விமர்சகர் ரோஜர் ஈபர்ட் கொடுத்தது அரை நட்சத்திரம்.

ஏன் எடுபடவில்லை? கதையில் ஒருத்தன் தப்பான கதவைத் திறக்கப் போகும்போது ‘ஐயோ, வேண்டாம்ப்பா’ என்று நமக்குப் பதறுகிறது. அந்தக் கதவை நாமே ஓட்டுப் போட்டுத் திறந்தால் பதற்றம் ஏது? தப்பாகப் போனால் அடுத்த ஷோவில் வேறு பொத்தான். எதையும் இழக்காமல் எடுக்கிற முடிவு ஒரு முடிவே இல்லை. தோற்ற கட்சிக்காரர் பாடு இன்னும் மோசம். அவர் காசு கொடுத்து, பக்கத்து சீட்டுக்காரருக்குப் பிடித்த படத்தைப் பார்க்கிறார்!

இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. 1967 மான்ட்ரியல் உலகக் கண்காட்சி, செக்கோஸ்லோவாக்கியா அரங்கு. ராடுஸ் சின்செராவின் ‘கினோஆட்டோமாட்’. இது முழுநீளப் படம். பச்சை, சிவப்பு என்று இரண்டே பொத்தான்கள். துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு ஒரு பெண் கதவைத் தட்டுகிறாள். மனைவி வீட்டுக்கு வரும் நேரம். உள்ளே விடலாமா, கூடாதா? படத்தை நிறுத்திவிட்டு, நடிகரே மேடைக்கு வந்து உங்களைக் கேட்பார்.

இப்படி ஒன்பது கேள்விகள். காமர்ஸ் படித்த புத்தி, உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கதை இரண்டாகப் பிரிந்தால் 512 முடிவுகள் எடுக்க வேண்டும். தயாரிப்பாளர் தலையில் துண்டுதான்! சின்செரா கில்லாடி. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கதை சுற்றிக்கொண்டு பழைய பாதைக்கே வந்துவிடும். கடைசியில் கட்டடம் தீப்பிடித்தே தீரும். ஓடுவது இரண்டு புரொஜக்டர்கள். ஒன்றின் லென்ஸை மூடிவிடுவார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

மோசடி என்கிறீர்களா? எனக்கு அது ரொம்ப நேர்மையாகப் படுகிறது. ஓட்டுப் போட்டாலும் எதுவும் மாறாது என்பதுதான் அந்தப் படத்தின் ஜோக். அது கம்யூனிஸ்ட் ஆட்சிக்கும் புரிந்திருக்க வேண்டும். 1972-ல் படத்துக்குத் தடை. 2007-ல்தான் ப்ராகில் மறுபடி திரைக்கு வந்தது.

நிஜமாகவே கதையை மாற்றவிட்ட படம் மறந்துபோயிற்று. மாற்றவே விடாத படம் சுருக்கென்று தைக்கிறது. என் ஓட்டு இரண்டாவதற்கு.

இனி யாராவது உங்கள் கையில் பொத்தானைக் கொடுத்தால், அமுக்குவதற்கு முன்னால் ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.