பட்டாசு ஊரில் ஒரு நூல்கண்டு

கையால் பின்னிய ஒரு பொருளை யாருக்காவது பரிசாகக் கொடுத்துப் பாருங்கள். வாங்குகிறவர் விலை என்ன என்று யோசிக்கவே மாட்டார். பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார், விரலால் தடவிப் பார்ப்பார், அப்புறம் நிமிர்ந்து, "நீயா பின்னுன?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் முகம் எப்படி ஆகிறது என்று பார்ப்பதற்காகவே நான் குரோஷா ஊசியைக் கீழே வைப்பதில்லை. ரயிலில் பின்னுகிறேன், பேங்க் வரிசையில் பின்னுகிறேன், குக்கர் விசில் எண்ணிக்கொண்டே பின்னுகிறேன். இவ்வளவு சந்தோஷத்தை இவ்வளவு மலிவாகத் தருகிற வேறொரு வேலையை நான் இன்னும் பார்க்கவில்லை!

எனக்கு ஊர் திருத்தங்கல். நின்ற நாராயணப் பெருமாள் குன்றின்மேல் நிற்கிற ஊர், 108 திவ்விய தேசங்களில் ஒன்று. 2021-லிருந்து சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்தாயிற்று. இந்தக் கந்தக பூமியில், கத்திரி வெயிலில், உல்லன் நூலை மடியில் போட்டுக்கொண்டு யார் உட்காருவார்கள் என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நான் உல்லன் பக்கமே போவதில்லை. எனக்கு எல்லாமே பருத்தி நூல்.

அதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்களிடம் கேட்டால் நைலான், பாலியெஸ்டர் சேலையெல்லாம் வேலைக்கு ஆகாது, பருத்திதான் கட்ட வேண்டும் என்பார்கள். செயற்கை இழை உரசினால் மின்னேற்றம் தங்கும். மருந்து இருக்கிற இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும். பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது, அதனால் அந்த ஏற்றம் அதில் அவ்வளவாக நிற்காது. கடையில் 'உல்லன்' என்று சொல்லி விற்பதில் பெரும்பாலானது அக்ரிலிக். நெருப்புப் பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் எரியக்கூடியதுதான், ஆனால் உருகி ஒட்டாது. தீபாவளிக்குத் தெருவே கொளுத்துகிற ஊரில் குழந்தைக்குச் சட்டை பின்னுகிறவள் இதை யோசிக்காமல் நூல் எடுக்கக் கூடாது. பருத்திக்கு நமக்கென்ன பஞ்சமா? ராஜபாளையம் மில் 1936-லேயே வந்தாயிற்று. அருப்புக்கோட்டையில் நூற்பு ஆலைகள். ஆஸ்பத்திரிக் காயக்கட்டுத் துணிக்குப் பேர் வாங்கிய சத்திரப்பட்டி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கரிசல் மண்ணில் விளைந்ததை நம் கையாலேயே பின்னிப் போடுவதில் ஒரு தனிக் கர்வம் இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

நான் கொடுத்த பரிசுகளில் எனக்கு உச்சம், அம்மாச்சிக்குப் பின்னிய சுருக்குப் பை. மெரூன் நூல், 3 மில்லிமீட்டர் ஊசி. அடியில் வட்டமாக ஆரம்பித்து, உள்ளங்கை அகலம் வந்ததும் கூட்டுவதை விட்டுவிட்டுச் சுவர் மாதிரி மேலே ஏற்றினேன். வெற்றிலை பாக்குக்கு ஒரு அறை, சில்லறைக்கு ஒரு அறை என்று நடுவில் ஒரு தடுப்பு. வாய்க்குப் பக்கத்தில் வரிசையாக இடைவெளி விட்டு, சங்கிலிப் பின்னலில் இரண்டு கயிறு கோத்து, நுனியில் குஞ்சம். இரண்டு பக்கமும் இழுத்தால் வாய் கப்பென்று மூடிக்கொள்ளும். அம்மாச்சி அதை இடுப்பில் செருகிக்கொண்டு தெரு முழுக்க ஒரு நடை நடந்தார். "கடையில கெடைக்காது இது. எம்பேத்தி கையால பின்னுனது" என்று பால்காரரிடம்கூடச் சொன்னார். அதற்கு முன்னால் நான் வாங்கிக் கொடுத்த பட்டுச்சேலை பீரோவுக்குள் இருக்கிறது. சுருக்குப் பை இடுப்பை விட்டு இறங்குவதே இல்லை.

கையால் செய்து கொடுப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலையால் உடம்பு, மாதுளம்பூவால் மூக்கு, கட்டுவதற்கு வாழை நார். நேற்றைய கிளியை இன்றைக்கு வைப்பதில்லை. ஒருத்திக்காக, அவள் ஒருத்திக்காக மட்டும், மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்வது என்பது இந்த வட்டாரத்தின் பழக்கம் என்றே எனக்குத் தோன்றும்.

குரோஷாவில் எனக்கு மெய்சிலிர்க்கிற விஷயம் ஒன்று சொல்கிறேன். இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னுகிறோமே, அந்த வேலைக்கு 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார். இன்றைக்குத் திருப்பூரிலிருந்து வருகிற பனியன் துணியும் அதே கண்ணிகள்தான், இயந்திரம் போட்ட கண்ணிகள். ஒற்றைக் கொக்கியால் போடுகிற குரோஷாவை மட்டும் கை போடுகிற மாதிரியே போட்டுத் தள்ளுகிற இயந்திரம் இன்றுவரை ஆலைகளுக்கு வரவில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கிற ஒரு குரோஷாத் தொப்பியைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக இழுத்திருக்கிறார். இது தெரிந்த பிறகு நான் அந்தப் பொருட்களுக்குப் பேரம் பேசுவதையே விட்டுவிட்டேன்.

கற்றுக்கொள்வது கஷ்டமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் தெருப் பெரியம்மாவைத்தான் காட்டுவேன். அவர் பல வருஷம் சரவெடி பின்னியவர். பீஸ் கணக்கில் கூலி. பேசிக்கொண்டே, பார்க்காமலே, கை ஓடும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டதோடு அந்த வேலை போயிற்று. நான் திண்ணையில் ஒரு பூவைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, இதுக்குப் போயி இம்புட்டு நேரமா? எங்கிட்டக் குடு" என்று வாங்கினார். ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என் பங்கு. சாயங்காலத்துக்குள் இதழ் இதழாக வந்துவிட்டது. இழுவிசை ஒரே மாதிரி! பின்னல் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு கண்ணி இறுக்கம், ஒரு கண்ணி தொளதொளப்பு என்று வருவதுதான் புதியவர்களின் தலைவலி. சரம் பின்னிய விரல்களுக்கு அந்தத் தலைவலியே இல்லை. இந்தப் பட்டாசு வட்டாரத்தில் எத்தனை ஆயிரம் பெண்களின் விரல்களில் இந்தத் திறமை சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

பெரியம்மாவும் நானும் சேர்ந்து செய்வது பச்சைக் குழந்தைகளுக்கான தொப்பி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்கிறவற்றில் மனசு நிறைகிற வேலை இதுதான்.

நம் ஊர்ச் சூட்டில் குழந்தைக்குத் தொப்பி எதற்கு என்று தோன்றும். பிறந்த குழந்தையின் உடல்வெப்பம் 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியசுக்குள் நிற்க வேண்டும். எடை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறந்தால் அந்தச் சூட்டைத் தானாகப் பிடித்துவைக்கத் தெம்பு இருக்காது. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, சூடு தலை வழியாகவும் போய்விடும். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர் இன்குபேட்டர் பற்றாக்குறைக்கு ஒரு வழி கண்டார்: குழந்தையைத் தாயின் நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிவைப்பது. கங்காரு கவனிப்பு என்று இன்றைக்கு நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் சொல்லித் தருகிறார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம், எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கச் சொன்னது. அப்படிக் கட்டிவைக்கும்போது குழந்தை மேல் இருப்பது மூன்றே மூன்று: இடுப்புத்துணி, காலுறை, தொப்பி. அந்த மூன்றில் இரண்டை நம் கொக்கி ஊசியால் பின்னலாம். யோசித்துப் பாருங்கள்!

தொப்பியின் செய்முறை சின்னது. மேஜிக் ரிங் போட்டு அதில் 12 டபுள் குரோஷே. அடுத்த சுற்றில் 24, அதற்கடுத்து 36 என்று ஒவ்வொரு சுற்றுக்கும் 12 கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். மாதம் நிறைந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 33-லிருந்து 35 சென்டிமீட்டர். நூல் இழுத்துக் கொடுக்கும் என்பதால் தொப்பி கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். ஆகவே வட்டத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டரைத் தொட்டதும் கூட்டுவதை நிறுத்திவிடுவேன். அதன்பிறகு கண்ணிக்குக் கண்ணி நேராகப் போட்டுக்கொண்டே வந்தால் வட்டம் தானாகக் கவிழ்ந்து கிண்ணமாகும். நெற்றி மடிப்புக்கு இரண்டு விரல் நீளம் கூடுதலாக விடுவேன், தலை வளர வளர இறக்கிவிட்டுக்கொள்ளலாம். முத்து, பொத்தான், நாடா எதுவும் கிடையாது. காலுறையில் பூ ஓட்டை டிசைன் போட மாட்டேன், குழந்தையின் கால்விரல் நூலில் மாட்டிச் சுற்றிக்கொள்ளும். முடித்ததும் வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, சுத்தமான பையில் கட்டினால் ஆயிற்று. வெயிலுக்குத்தான் நம் ஊரில் குறைவே இல்லையே.

தனியாகத் திண்ணையில் உட்கார்ந்து பின்னுகிறவளுக்கு, தமிழ்நாட்டுப் பெண்கள் இந்த ஊசியை வைத்துக்கொண்டு என்ன செய்து காட்டினார்கள் என்று நினைத்தாலே புது வேகம் வரும். சுபஸ்ரீ நடராஜன் சென்னையிலிருந்து ஆரம்பித்த 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ஒரே போர்வையாக 11,148.5 சதுர மீட்டரை விரித்தது. கின்னஸ் சாதனை. நம் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர் போர்வை! ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து சதுரம் சதுரமாகப் பின்னி அனுப்பியதைச் சேர்த்துக் கோத்தார்கள். சாதனை முடிந்ததும் அதைப் பிரித்து, போர்வை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அந்தச் சாதனையைவிட, பிரித்துக் கொடுத்தார்களே, அதுதான் பெரிது. அதற்கு முந்தைய சாதனை தென்னாப்பிரிக்காவில், மண்டேலா தினத்துக்காக ஏழைகளுக்குப் போர்வை பின்னிக் கொடுக்கிற '67 பிளாங்கெட்ஸ்' இயக்கத்திடம் இருந்தது. அங்கே சிறைக்கைதிகள்கூடப் பின்னினார்கள். போட்டி என்று பார்த்தால் போட்டி. இரண்டு பக்கமும் போர்த்திக்கொண்டது குளிரில் கிடந்தவர்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதைப் பற்றிப் பெண்கள் நாம் வாய்திறந்து பேச வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்காகப் பருத்தி நூலில் பின்னி, பஞ்சு நிரப்பி, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும்படி செய்கிற செயற்கை மார்பகம். அமெரிக்காவில் பார்பரா டெமரெஸ்ட் என்பவர், தானே அந்தச் சிகிச்சைக்கு ஆளானவர், 2011-ல் தொடங்கிய இயக்கம். இந்தியாவில் மும்பையின் சாயிஷா அமைப்பு வழியாக ஜெயஸ்ரீ ரத்தன் கொண்டுவந்தார். தன்னார்வலர்கள் பின்னுகிறார்கள், தேவைப்படுகிறவர்களுக்கு இலவசமாகவே போய்ச் சேருகிறது. சிலிகானில் செய்தது கனக்கும், வேர்க்கும், விலையும் அதிகம். நூலில் செய்தது எடையே தெரியாது, துவைத்துக் காயப்போடலாம். நம் ஊர்ப் புழுக்கத்தை நினைத்துப் பாருங்கள், எந்த ஊருக்கு இது அதிகம் தேவை?

தெற்குச் சீமைக்கு இந்த வகை வேலை பழக்கம்தான். 19-ஆம் நூற்றாண்டிலேயே இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலிசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது கொக்கி ஊசி வேலை இல்லை, திண்டில் ஊசி குத்திக் கட்டைநூலை மாற்றி மாற்றிப் போடுவது. ஆனாலும் நூலைப் பின்னி ஒரு பெண் தன் கைக்காசைப் பார்த்தது அங்கே நடந்தது. நம் அம்மாக்கள் தலைமுறையில் டி.வி. மேல் விரிப்பு, நிலைக்கதவுக்குத் தோரணம், ஒயர் கூடை என்று வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு பின்னல் இருந்தது. ஆகவே ஆசிரியரைத் தேடி வெளியூர் போக வேண்டாம். உங்கள் தெருவிலேயே ஒரு அத்தையோ மதினியோ பீரோவுக்குள் குரோஷா ஊசியைப் பத்திரமாக வைத்திருப்பார். போய்க் கேளுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்க்கவாவது கேளுங்கள்.

ஆரம்பிக்க ஒரு உருண்டை பருத்தி நூல், 3 மில்லிமீட்டரில் ஒரு ஊசி, ஒரு சின்னக் கத்திரி போதும். சங்கிலி, சிங்கிள், டபுள் இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் இவற்றின் கூட்டல் கழித்தல்தான். முதல் பொருளை உங்கள் வீட்டில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஆளுக்குப் பின்னுங்கள். இரண்டாவதை முன்பின் தெரியாத ஒருவருக்குப் பின்னுங்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னுவதென்றால் மூட்டையாகக் கட்டிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். குழந்தைகள் வார்டு செவிலியரிடம் எந்த அளவு வேண்டும், எத்தனை வேண்டும், என்ன நூல் ஆகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மூடியிருக்கிற நாட்களில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நேரம் இருக்கும். திருத்தங்கல், சிவகாசிப் பக்கம் இருக்கிற அக்கா தங்கச்சிகளே, அந்த நாட்களில் ஒரு ஊசியோடு வாருங்கள். நூல் எங்களிடம் இருக்கிறது, பெரியம்மா சொல்லித் தருவார்.