லாக் அடக்கியின் பிடி

ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் எழுத்து இணைகள். அதற்குள் இருபது சொச்சம் எழுத்து நீளமுள்ள ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, லாக்டோஸைச் செரிக்க உதவும் மரபணுக்களை மூடி வைப்பது லாக் அடக்கி என்ற புரதத்தின் வேலை. செல்லில் அது ஏறக்குறைய பத்துதான் இருக்கும்.

எனக்குப் பிடித்தது அது வாசிக்கும் விதம். இழைகளைப் பிரிப்பதே இல்லை. இரட்டைச் சுருளின் அகன்ற பள்ளத்தில் தன் சிறு சுருளொன்றை நுழைத்து, எழுத்துகளின் ஓரங்களைத் தடவியே இடத்தைக் கண்டுகொள்கிறது, பார்வையற்றவர் ரூபாய் நோட்டைத் தடவி அறிவதுபோல. அதுவரை தளர்வாகப் பற்றியபடி வழுக்கிக்கொண்டும் தாவிக்கொண்டும் திரியும். இடம் வந்ததும் இறுகும். போதாததற்கு, இரண்டு இடங்களை ஒருசேரப் பிடித்து நடுவிலுள்ள டி.என்.ஏ.வை வளையமாகவும் வளைத்துவிடும்.

இப்படியோர் அடக்கி இருக்க வேண்டும் என்று 1961இல் அனுமானித்த ஆய்வாளர்கள் ழாக்கோபும் மோனோவும் அது ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம் என்றே நினைத்தார்கள். புரதம்தான் என்று 1966இல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

பிடியைத் தளர்த்துவது லாக்டோஸ் அல்ல, அதிலிருந்து பிறக்கும் அல்லோலாக்டோஸ். அதை உண்டாக்கவோ, இந்த அடக்கி மூடி வைத்திருக்கும் மரபணு தரும் அதே நொதி வேண்டும்! எப்போதாவது பிடி நழுவுகிறது. அந்த இடைவெளியில் நொதி கொஞ்சம் உருவாகிவிடுகிறது.