உயிரணுவின் வயதும் மனிதனின் வயதும்

மானிட உயிரணுக்களின் முதுமையை இயந்திரக் கற்றலின் துணையால் அளக்க முயன்ற ஆய்வுகளுள், ஸ்டீவ் ஹார்வத் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை தலையாயது. அதன் முடிவைக் கேள்வியுற்றோர் பலர். முறையை ஆய்ந்து நோக்கினோர் சிலரே. இது கடவுளின் எல்லைக்குள் கைவைக்கும் செயல் என்று பிரசங்க பீடத்தில் முழங்குவோரும் உளர். அவர்கள் கட்டுரையைப் படித்ததாகத் தெரியவில்லை.

நம் டி.என்.ஏ. இழையின் சில இடங்களில் மீத்தைல் என்னும் சிறு வேதித் தொகுதி ஒட்டிக்கொள்கிறது. வயது ஏற ஏற அது சில இடங்களில் மிகும். சில இடங்களில் குறையும். ஹார்வத் 51 வகைத் திசுக்களையும் உயிரணுக்களையும் சார்ந்த ஏறத்தாழ 8,000 மாதிரிகளைத் திரட்டினார். பயிற்சிக்கென ஒதுக்கிய மாதிரிகளோடு அவற்றைத் தந்தவர்களின் வயதையும் கணிப்பொறிக்குக் கொடுத்தார். அது 21,369 இடங்களை ஒப்பிட்டு 353-ஐத் தெரிந்துகொண்டது. பின்னர் வயது சொல்லாமல் கொடுத்த மாதிரிகளில், பாதிக்கு அதன் பிழை 3.6 ஆண்டுகளுக்குள் அடங்கியது. கருநிலைத் தண்டு உயிரணுக்களுக்கு அக்கடிகாரம் ஏறக்குறைய பூச்சியம் காட்டியது. வியத்தற்குரிய செயலே.

ஆயினும் கணிப்பொறி கற்றது யாது? முதுமை ஏன் வருகிறது என்பதை அது கற்கவில்லை. மாதிரியைப் பிறந்த ஆண்டோடு பொருத்தவே கற்றது. அறுபது வயதினருக்கு அது அறுபத்தாறு என்று கூறினால், அதைக் கடிகாரத்தின் தவறு என்பதா, உடலின் உண்மை என்பதா? ஆய்வாளர் இவ்வேறுபாட்டை வயது முடுக்கம் என்று பெயரிட்டு, நோயோடும் மரணத்தோடும் இணைத்துக் காண்கின்றனர். இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். பிறந்த ஆண்டைப் பிழையின்றிச் சொல்லும் கடிகாரம் பிறப்புச் சான்றிதழுக்கு மேல் எதையும் சொல்லாது. ஆகவே இக்கருவியின் பயன் அதன் பிழையிலேயே தங்கியுள்ளது. இது நாம் கற்பித்துக் கூறுவதன்று. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 13,000-க்கு மேற்பட்ட மாதிரிகளால் கடிகாரத்தைத் துல்லியமாக்கியபோது, மரணத்தோடு அதற்கிருந்த தொடர்பு தேய்ந்து போனதைக் காட்டியது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. குழந்தைப் பருவத்திலேயே முதுமைத் தோற்றம் தரும் ஹட்சின்சன்-கில்ஃபோர்டு நோயில் முதற்கடிகாரம் எந்த முடுக்கத்தையும் காணவில்லை. ஹார்வத்தும் உடனாய்வாளரும் 2018-இல் 391 இடங்களைக் கொண்டு அமைத்த வேறொரு கடிகாரம் அதைக் கண்டது. நோய் ஒன்றே, கடிகாரத்திற்கேற்ப வயது மாறுகிறது.

2019-இல் வந்த கிரிம்ஏஜ் என்னும் கடிகாரமோ பிறந்த ஆண்டை விட்டு, மரணம் நேர்ந்த காலத்தையே விடையாகக் கொண்டு பயிற்றப்பட்டது. புகைபிடித்த அளவையும் இரத்தத்திலிருந்தே மதிப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. முன்னதற்குப் பிறப்புப் பதிவேடு ஆசான். பின்னதற்கு இறப்புப் பதிவேடு ஆசான். இரண்டும் தரும் எண்ணுக்கு 'வயது' என்றே பெயர்! சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென மயங்குகிறோம். இத்தகைய சோதனைகள் இன்று விலைக்கும் கிடைக்கின்றன. நம் சபையார் ஒருவர் அச்சத்தோடு அத்தாளை ஆயரிடம் நீட்டினால், அவ்வெண்ணை எக்கடிகாரம் தந்தது, அதற்கு எவ்விடை கற்பிக்கப்பட்டது என்றாவது ஆயர் வினவ அறிந்திருக்க வேண்டும்.

ஒரே வயதினர் ஒன்றுபோல் மூப்படைவதில்லை என்பதைத் திருமறை அறியும். எண்பத்தைந்து வயதான காலேப், ஏனாக்கியர் குடியிருந்த மலைநாட்டைத் தனக்குத் தரும்படி கேட்டான். எண்பது வயதான பர்சிலாவோ உணவின் சுவையும் பாடகரின் குரலும் தனக்கு எட்டாமற் போயின என்று தாவீதிடம் கூறினான். 353 இடங்களைச் சோதித்திருந்தால் இவ்விருவரிடையே வேறுபாடு தோன்றியிருக்கலாம். அவ்வளவில் ஆய்வுக்கு நம் நன்றி உரியது. ஆனால் பர்சிலா தன் மூப்பைச் சொன்னதோடு நிற்கவில்லை. அரண்மனை வாழ்வை மறுத்து, தன் பெற்றோரின் கல்லறையருகே மரிக்க விடைபெற்றான். தனக்குப் பதிலாகக் கிம்காமை அரசனோடு அனுப்பினான்.