தொலைக்காட்சிச் செய்தியில் மலையகத் தொழிலாளர்: பெயரில்லாத முகங்கள்

அமெரிக்கக் கறுப்பின மக்களைத் தொலைக்காட்சிச் செய்தி எவ்வாறு சித்திரிக்கின்றது என ஆராய்ந்தோருள் ரொபேர்ட் என்ட்மன் குறிப்பிடத்தக்கவர். சிக்காகோ நகரின் உள்ளூர்ச் செய்திகளை ஆராய்ந்து 1990களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட முடிவுகளுள் ஒன்று நமது கவனத்துக்குரியது. குற்றஞ் சாட்டப்பட்ட வெள்ளையரிலும் பார்க்கக் கறுப்பினத்தவரே பெயர் குறிப்பிடப்படாது காட்டப்படுவது அதிகம். பெயரற்ற முகம் தனியொருவருடையதாக நிற்பதில்லை. அஃது இனம் முழுமைக்குமான முகமாகிவிடுகின்றது.

நமது செய்திகளில் மலையகத் தமிழர் குற்றவாளியாக அன்றி, பெரும்பாலும் கூடை சுமந்த பெண்ணாகவே தோன்றுகின்றனர். பார்வைக்கு இது இனிய படிமம். ஆயினும் அதன் பிறப்பை நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லிப்ரன் போன்ற தேயிலை வணிகரின் விளம்பரங்களில் இப்பெண் இடம்பெற்றுவிட்டாள். பண்டத்தை விற்பதற்காக ஆக்கப்பட்ட படிமத்தையே செய்தியும் கடன் வாங்கியுள்ளது. சம்பளப் பேச்சுவார்த்தை பற்றிய செய்தியாயின் கொழுந்து பறிக்கும் விரல்கள் காட்டப்படும். பேசுபவரோ அமைச்சர், அல்லது தொழிற்சங்கத் தலைவர். அவர்தம் பெயரும் பதவியும் திரையின் அடியில் எழுத்திற் தோன்றும். விரல்களுக்குரியவள் ‘ஒரு தோட்டத் தொழிலாளி’. தமிழ்ச் செய்திகளும் இவ்வகையில் அதிகம் வேறுபடுவன அல்ல. இதனை மொழிப் பிரச்சினையாக மட்டும் காண்போர் வர்க்கப் பிரச்சினையைத் தவறவிடுகின்றனர்.

இத்தனைக்கும், தோட்டத்திற் பெயர் என்பது வெறும் அடையாளமன்று. ஒருநாள் வேலை பதியப்படுவதைப் ‘பேர் போடுதல்’ என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவளுக்கு ‘அரைப்பேர்’. உழைப்பைக் கணக்கிடும் செக்ரோலில் நாள்தோறும் இடம்பெறும் பெயருக்கு, அவ்வுழைப்பைப் பற்றிய செய்தியில் இடமில்லை.

இந்நிலைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. ரூபவாகினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவருட் பெருந்தொகையினர் இன்னும் உரிமை பெற்றிருக்கவில்லை. தேசத்தை விளித்துப் பேசிய திரையின் முன்னே சட்டப்படி அவர்கள் தேசத்தவரல்லர். இறுதியான சட்டத் தீர்வு 2003இலேயே கிட்டியது. பார்வை மாறுவதற்குச் சட்டம் போதாது என்பதைக் கண்டியிலேயே காணலாம். செய்தியிற் கண்டி எனில் தலதா மாளிகையும் எசல பெரஹெராவும். 1867இல் தேயிலை பயிரிடப்பட்ட லூல்கந்துர இம்மாவட்டத்ததே. ஹந்தானையும் கலஹாவும் தெல்தோட்டையும் தொலைவில் இல்லை. அங்குள்ள லயன்களை நோக்கிக் கமரா திரும்புவதற்கு மண்சரிவொன்று வேண்டியிருக்கின்றது.

2014 ஒக்டோபரிற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்தது அதுவே. காணாமற் போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கிற் கூறப்பட்டுப் பின்னர் பெரிதுங் குறைந்தது. இறந்தோர் எத்தனை பேர் என்ற வினா திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. யார் யார் என்பது அவ்வளவாகக் கேட்கப்படவில்லை. கோகிலம் சுப்பையா தமது தோட்ட நாவலுக்குத் ‘தூரத்துப் பச்சை’ எனப் பெயரிட்டது இன்றைய செய்திப்படத்துக்கும் பொருந்துவதே.

2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபா அடிப்படை நாட்சம்பளங் கோரி மலையக இளைஞர்கள் கறுப்புடையில் கொழும்புக் காலிமுகத்திடலிற் கூடினர். தலைவரின்றித் தாமே பேசினர். தலைநகரிலே தொழில் செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கிருந்தனர். கூடையுமில்லை, பச்சைச் சரிவுமில்லை. இருப்பிலிருந்த பழைய படங்களுள் எதுவும் அவர்களுக்கு உதவவில்லை.