"அது நான்தான்!"

தொடர்கதை ஒன்று பத்திரிகையில் வந்து முடிந்ததும், எழுதியவனுக்கு ஒருவகைக் கடிதம் தவறாமல் வரும். "உங்கள் கதாநாயகி அப்படியே நான்தான். என் மனசுக்குள் புகுந்து பார்த்தாற்போல் எழுதியிருக்கிறீர்கள்!" இதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் செய்த சோதனையைப் பற்றிப் படித்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

1948-ல் அவர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணப் பரீட்சை வைத்தார். ஒரு வாரம் கழித்து, அவரவர் பெயரிட்ட தாளில் 'முடிவு' கொடுத்து, எவ்வளவு தூரம் பொருந்துகிறதென்று 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26! பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. எல்லாத் தாளிலும் இருந்தவை ஒரே 13 வாக்கியங்கள். பெரும்பாலும் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. பிறர் மெச்ச வேண்டுமென்ற ஆசை, தன்னைத் தானே நொந்துகொள்ளும் சுபாவம், இன்னும் வெளிப்படாத திறமை — இவை யாருக்குத்தான் இல்லை?

எல்லா ராசிக்கும் பொருந்தும் பலன் எந்த ராசிக்கும் உரியதல்ல. வெளியே சிரிப்பு, உள்ளே சோகம், யாருமே புரிந்துகொள்ளாத தியாகம் — நம் தொடர்கதைக் கதாநாயகிகளில் பாதிப் பேரை இந்த ஜோசியத்தைக் கொண்டே படைத்துவிடலாம். நானும் படைத்திருக்கிறேன். வாசகி கண்டது தன்னையா, எவருக்கும் முகம் காட்டும் கண்ணாடியையா?

அதற்காகக் குணத்தை ஆராய்வதே வீண் என்று சொல்லமாட்டேன். ஃபோரரின் சோதனையே மனோதத்துவம் தன்னைத் தானே சோதித்துக்கொண்ட நேர்மைதான். கார்டன் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியைச் சலித்து, மனிதரை மனிதரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் 17,953 சொற்களை 1936-ல் தொகுத்தார்கள். பின்வந்தவர்கள் அத்தகைய சொற்களை ஐந்து பெருங்குணங்களுக்குள் அடக்கினார்கள். பலரோடு ஒருவரை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

ஆனால் அந்த ஒருவர் யார்? சொற்களை எண்ணிய அதே ஆல்போர்ட், 1965-ல், ஜென்னி என்று புனைபெயரிட்ட ஒரு தாயின் 301 கடிதங்களை வைத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். மகன்மேல் உயிரை வைத்து, அவனோடேயே சண்டையிட்டு, தனிமையில் வெந்த பெண் அவள். பல கொள்கைகளைக் கொண்டு அவளை விளக்கிப் பார்க்கிறார். ஒவ்வொன்றும் ஏதோ கொஞ்சம் சொல்கிறது. கடிதங்களில் அவளே பேசுவதற்கு ஈடாக எதுவும் இல்லை.

"இப்படி ஒருத்தியை நான் கண்டதே இல்லை, ஆனால் இவள் இருக்கிறாள்." இப்படி ஒரு கடிதம் வர வேண்டும். அதற்குத்தான் இப்போது காத்திருக்கிறேன்.