கேஸ் அடிக்கும் ஊரும் பனல் மாற்றும் ஊரும்

பழைய காரில் ஏசி குளிரவில்லை என்று சென்னையில் ஒரு பட்டறைக்குப் போனால், காதில் விழும் முதல் பேச்சு, "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சிட்டா சரியாயிடும்." அதே புகாரோடு யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜுக்குப் போனால், "பனல் போயிருக்கும் போல ஐயா, ஒண்டு மாத்திப் பாப்பம்" என்பார்கள்; பனல் என்பது ஏசியை இயக்கும் பட்டன் பலகை. இரண்டுமே சோதிக்கும் முன் வந்துவிடும் தீர்ப்புகள். அந்தந்த ஊரில் ஓடும் கார்களும் அங்கே கிடைக்கும் பாகங்களும் கற்றுக்கொடுத்த பழக்கம் இது.

தமிழ்நாட்டு ஏசி மெக்கானிக்குகளில் ஒரு தலைமுறை மாருதி 800, ஜென், எஸ்டீம் கார்களில் கை பழகியது. அவற்றில் குளிரையும் சூட்டையும் மாற்ற ஒரு லீவர், அதிலிருந்து உள்ளே காற்றைத் திருப்பும் கதவுக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான். அதனால் குறையைக் கண்டுபிடிப்பதும் கையாலும் காதாலும் நடந்தது. நல்ல மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் கம்ப்ரசர் க்ளட்ச் 'டக்' என்று பிடிக்கிறதா என்று கேட்பார். தடித்த குழாயைத் தொட்டு, அது சில்லென்று வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கண்டென்சர் மீது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் பட்டதும் குளிர்ச்சி கூடினால் கேஸ் குறைவு காரணமல்ல. பெரும்பாலும் ஃபேன் சுற்றவில்லை அல்லது கண்டென்சரில் தூசி அடைத்திருக்கிறது. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் வெக்கையாகும் காருக்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. ஹீட்டருக்குப் போகும் குழாயை நெரித்துச் சுடுநீரை நிறுத்திப் பார்ப்பது இன்னொன்று. அப்போது குளிர் வந்தால், கேபிள் தளர்ந்து கதவு முழுதாக மூடவில்லை.

இலங்கையில் பழைய கார் என்றால் பெரும்பாலும் ஜப்பானில் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்தது. கொரோலா 121, நிசான் சன்னி போன்ற அந்தக் கார்களில் பல, தானாக வெப்பத்தைச் சரிசெய்யும் ஏசியோடு வந்தவை. உள்ளறை, வெளிக்காற்று, கூலிங் காயில், வெயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சர். அவை சொல்வதைக் கேட்டு, காற்றுக் கதவுகளைத் திருப்பும் சின்ன மோட்டார்களைப் பனல் இயக்கும். அதனால் சென்சரோ மோட்டாரோ கெட்டால், கேஸ் நிறைய இருந்து, கம்ப்ரசரும் ஓடி, ஆனாலும் சூடான காற்று வரலாம்.

பல டொயோட்டா கார்களில் ஆட்டோ பட்டனையும் உள்காற்றுச் சுழற்சிப் பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினால், பனல் தன் குறையை எண்ணாகச் சொல்லும். 11 என்றால் உள்ளறைச் சென்சர், 12 வெளிச் சென்சர், 13 கூலிங் காயில் சென்சர். 21 வந்தால் பொறுக்க வேண்டும். அது வெயில் சென்சரின் எண். கராஜின் நிழலில் நல்ல சென்சர்கூட அந்த எண்ணைக் காட்டும். காரை வெயிலுக்குத் தள்ளி மறுபடி பார்க்காதவர் நல்ல பாகத்தைக் கழற்றிவிடுவார். உள்ளறைச் சென்சருக்குக் காற்றிழுக்கும் சிறு துவாரம் தூசியால் அடைபட்டாலும் ஏசி தடுமாறும். அதற்கு ஒரு தூரிகை போதும்.

இவ்வளவு வசதி இருந்தும் பனல் மாற்றும் அவசரம் ஏன்? கொழும்பின் பஞ்சிகாவத்தையில் ஜப்பானியப் பழைய பாகங்கள் குவிந்து கிடக்கின்றன. புதிய பாகம் எட்டாத விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இருபது வயதுக் காரும் விலை இறங்காமல் நின்றதால் உரிமையாளர் செலவுக்குத் தயங்குவதில்லை. தமிழ்நாட்டில் கணக்கு தலைகீழ். பதினைந்து ஆண்டு முடிந்தால் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குப் போய், ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு முன் விற்கப்போகும் வண்டிக்கு டாஷ்போர்டைப் பிரித்துக் கூலிங் காயில் மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. கேஸ் அடித்து இந்தக் கோடையை ஓட்டிவிடுகிறார்கள்.

இரண்டு அவசரங்களில் கேஸ் அடிப்பதே கேடு அதிகம் என்பது என் முடிவு. பெட்ரோல் போல ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தி கேஜ் மாட்டி, "அழுத்தம் இருக்கிறது, கேஸ் சரியாக இருக்கிறது" என்று சொல்வதும் தவறு. உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலே 30 டிகிரியில் ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் 97 பிஎஸ்ஐ அளவில்தான் நிற்கும். பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் அதே எண். எஞ்சின் ஓடும்போது தாழ் அழுத்தப் பக்கம், மேல் அழுத்தப் பக்கம் இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் தாழ்ந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்தால் கேஸ் அதிகம் அல்லது கண்டென்சர் ஆறவில்லை. தாழ்பக்கம் ஏறி மேல்பக்கம் இறங்கினால் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. அந்தக் கம்ப்ரசருக்கு எத்தனை முறை கேஸ் அடித்தாலும் பணம்தான் போகும். கேஸோடு எண்ணெயும் கசிவதால், கசிவை விட்டுவைத்தால் நல்ல கம்ப்ரசரும் கெடும். ஆர்134ஏ, கரியமில வாயுவைவிடச் சுமார் 1,430 மடங்கு பூமியைச் சூடாக்குவது; அரை கிலோ வெளியேறினால் ஏறக்குறைய 700 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம்.

தானியங்கி ஏசியோடு வந்த ஸ்விஃப்ட்டும் சிட்டியும் தமிழ்நாட்டில் இப்போது பழைய கார்களாகிவிட்டன. எண் படிக்கும் வித்தையைச் சென்னை மெக்கானிக் கற்றே ஆக வேண்டும். பனலைத் தொடும் முன் குழாயைத் தொட்டுப் பார்ப்பதை இலங்கை கராஜ்கள் விடக்கூடாது.

கேஸ் அடிக்கச் சம்மதிக்கும் முன், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பனல் மாற்றச் சம்மதிக்கும் முன், என்ன எண் வந்தது, வெயிலில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.