விசைப்பலகையும் மெய்ம்மயக்கமும்

1999 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட கணிப்பொறி விசைப்பலகை 'தமிழ் 99' எனப்படும். இது தமிழிலக்கண நெறியில் அமைந்தது என்பது இதனைப் போற்றுவார் அனைவரும் கூறும் கூற்று. பொறிவல்லார் அங்ஙனம் கூறக் கேட்டு நாம் மகிழ்ந்திருத்தல் போதாது. எந்த இலக்கணம், அதில் எப்பகுதி, எவ்வளவு என வினவுதல் தமிழ்த்துறையினர் கடனாகும். மானிடரும் கணிப்பொறியும் ஊடாடும் முறையை ஆராயும் துறை இன்று உலகெங்கும் வளர்ந்துள்ளது. அத்துறைக்குத் தமிழ் தரக்கூடிய நல்லதொரு சான்று இப்பலகையே என்பது என் கருத்து. ஆனால் அச்சான்று முற்றுப்பெறவில்லை.

பலகையின் அமைப்பை முதற்கண் நோக்குவோம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் நிற்கின்றன. அ, இ, உ, எ என்னும் குறில்கள் நடுவரிசையில் உள்ளன; அவ்வவற்றின் நெடில்கள் நேர் மேலே உள்ளன. குறிலும் நெடிலும் ஓரினம் என்பதை விரலே உணரும்வண்ணம் வைத்த திறம் பாராட்டத்தக்கது. ஒ, ஓ, ஔ மூன்றும் கீழ்வரிசைக்குத் தள்ளப்பட்டன. மெய்விசையை அடித்தால் அகரமேறிய உரு தோன்றும். பின் உயிர்விசையை அடித்தால் அவ்வுயிரேறிய உரு தோன்றும். 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமுமாகிய 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன.

முந்தைய தட்டச்சுப்பொறியின் நெறி வேறு. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த இரா. முத்தையா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் வகுத்த பலகையின் வழிவந்தது அது. ஆங்கு எழுத்தன்று, எழுத்தின் வடிவத் துண்டே அலகு. 'கொ' என அடிப்போர் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனக் கண் காணும் வரிசையில் மூன்று துண்டுகளை அடித்தனர். புள்ளிவிசை தாளை நகர்த்தாது; ஆதலின் புள்ளியை முன்னர் இட்டு, அதன்கீழ் எழுத்தைப் பின்னர் அடித்தல் வேண்டும். ஒலி வரிசைக்கு இது முரணாயினும் பொறியின் இயல்புக்குப் பொருந்தியது. மயிலையிலும் தியாகராய நகரிலும் மாடிதோறும் விளங்கிய தட்டச்சுப் பயிலகங்களில் அரசுப் பணியை நாடிய இளைஞர் பல்லாயிரவர் பயின்றது இம்முறையே. அவர்தம் விரல்கள் பெற்ற பயிற்சியைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1999 இன் பலகை அலுவலகங்களில் விரைந்து பரவாமைக்கு அப்பயிற்சியே முதற்காரணம் எனலாம்.

இனி இக்கட்டுரையின் மையப்பொருளுக்கு வருவோம். தமிழ் 99 புள்ளியைத் தானே இடும். ஒரு மெய்விசையை இருமுறை அடித்தால் முதலது புள்ளி பெறும்: க, க என அடிப்பின் 'க்க'. மெல்லெழுத்தை அடுத்து அதன் இனவல்லெழுத்தை அடித்தாலும் அவ்வாறே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. 'மன்றம்' என்பதற்கு ம, ன, ற, ம, புள்ளி என 5 அடிகள் போதும். முன்னது உடனிலை மெய்ம்மயக்கம். பின்னது வேற்றுநிலை மெய்ம்மயக்கத்தின் ஒரு கூறு. தொல்காப்பிய நூன்மரபு கூறும் செய்தி பொறியின் இயக்கமாகிவிட்டது.

வேற்றுநிலை மயக்கம் பலவாக இருக்க, இனமெய் ஆறினை மட்டும் கொண்டது ஏன் எனின், அது குறையன்று. டகரத்தின் முன் ககரம் 'வெட்கம்' என மயங்கும். 'நாடகம்' என மயங்காதும் வரும். பொறி அங்கே ஊகித்தல் தகாது. ஆனால் ஙகரம் அகரமேறிக் ககரத்தின் முன் நிற்றல் தமிழில் இல்லை எனவே சொல்லலாம். ஊகத்திற்கு இடமான வழக்குகளையே தேர்ந்தனர்.

இம்முறை முற்றும் புதியதுமன்று. பெசன்ட் நகரில் உள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்தின் ஓலைச்சுவடிகளைப் பயின்றோர் இதனை உடனே உணர்வர். ஏடெழுதினோர் புள்ளியிடும் வழக்கம் பெரிதும் இல்லாதவர். எழுத்தாணி புள்ளியிடின் ஓலை கிழியும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். புள்ளியை இட்டுக்கொள்ளுதல் படிப்போன் பொறுப்பாயிற்று. இன்று விரல் அப்புள்ளியை விடுகிறது, பொறி இட்டுக்கொள்கிறது. வேறுபாடு ஒன்றே: ஏடு படித்தோன் பொருளறிந்து இட்டான், பொறி அண்டை எழுத்தை மட்டும் அறிந்து இடுகிறது.

இவ்வேறுபாடே குறைகளின் பிறப்பிடம். 'தத்துவம்' என எழுத விழைவோன் த, த, த, உ என அடித்தால் 'த்தது' எனவரும். 'கக்கன்', 'பப்பாளி', 'தத்தை', 'மம்மர்' யாவும் இவ்வாறே சிதையும். இதற்குப் பரிகாரம், முதலெழுத்தின் பின் அகரவிசையை இடையே அடித்தலாம். ஓர் அடிதானே என்பர். 1980 இல் கார்டு, மோரன், நியூவெல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர் வெளியிட்ட விசையடிக் கணக்கின்படி, தேர்ந்தவர் ஓர் அடிக்குக் கொள்ளும் காலம் ஏறத்தாழ 0.2 நொடி, ஒன்றைச் செய்யுமுன் மனம் ஆயத்தமாகக் கொள்ளும் காலம் 1.35 நொடி. 'இங்கே பொறி பிழைக்குமோ' எனத் தயங்கும் ஒரு தயக்கம் ஆறேழு அடிகளுக்கு நிகர். அக்கணக்கு பிழையின்றி அடிக்கும் வல்லுநருக்கு உரியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பழகாதவர்க்கு இழப்பு இன்னும் மிகுதியாகும். அடிகளை எண்ணிப் பலகைகளை ஒப்பிடும் நம்மவர் தயக்கத்தை எண்ணுவதில்லை.

இக்குறையை நீக்கும் விதியும் தொல்காப்பியத்திலேயே உளது. தனிமெய் மொழிக்கு முதலாகாது என்பது மொழிமரபு. அங்ஙனமாகச் சொல்லின் முதலெழுத்திற்குப் பொறி புள்ளியிட்டது எற்றுக்கு? நூன்மரபை மேற்கொண்ட வகுப்பாளர் மொழிமரபை விட்டுவிட்டனர். முதலெழுத்தை விலக்கி அடுத்த இரண்டிற்கே விதியைச் செலுத்தியிருப்பின், மேற்காட்டிய ஐந்து சொற்களும் இடையூறின்றி அமையும். பிறமொழிப் பெயர்கள் 'ப்ரியா' என மெய்முதலாக வருமே எனின், அவற்றிற்கு இப்பொழுதும் புள்ளியைக் கையால் இடுகிறோம், ஆதலின் இழப்பில்லை. வேற்றுமை உருபைத் தனியே 'க்கு' என எழுதுவார்க்கு ஓர் அடி மிகும். அவர் இலக்கண ஆசிரியராகவே இருப்பர், பொறுத்துக்கொள்வர்.

இரண்டாம் வகைக் குறை புணர்ச்சியிற் பிறப்பது. அனல் என்பது பிழம்பு என்பதனோடு புணர 'அனற்பிழம்பு' ஆகும். அ, ன, ற, புள்ளி என அடித்தால் பொறி 'அன்ற்' எனத் தரும். 'புனற்பெருக்கு', 'கனற்பொறி' என்பனவும் அன்ன. புணர்ச்சியைப் பேணி எழுதுவோர்க்கே இப்பலகை மிகுதியும் முரண்படுகிறது என்பது வியப்பிற்குரியது. ஈண்டும் மொழிமரபு உதவும். ஈரொற்று உடனிலையாக வருதல் யகர, ரகர, ழகரங்களின் பின்னரே உண்டு. றகரம் புள்ளி பெற்றவுடன் முன்னின்ற னகரத்துப் புள்ளியைப் பொறி திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். செய்யுளில் வரும் 'போன்ம்' போல்வன இனமெய் அல்லவாதலின் இதனாற் கெடா. எனினும் இவ்விதியை ஆறு இணைகளுக்கும் விரித்தல் கூடாது. 'சிமெண்ட்', 'பேங்க்' என இன்றைய எழுத்து வழக்கு ஈரொற்றில் முடியும் கடன்சொற்களை மிகுதியாக ஏற்றுள்ளது. சிமெண்டு எனக் குற்றியலுகரம் சேர்த்து எழுதுக என்று பொறி நமக்குக் கட்டளையிடுதல் முறையன்று. னகர றகர இணையளவில் நிறுத்துவதே தக்கது.

மூன்றாவது, எழுத்திலக்கணத்தால் தீராதது. விடுதலை நாளன்று மயிலைக் கபாலீசுவரர் கோயில் முதலிய திருக்கோயில்களில் நடைபெறும் 'சமபந்தி விருந்து' பற்றிய அறிவிப்பைத் தமிழ் 99 இல் அகரவிசை இடாது அடித்தால் 'சம்பந்தி விருந்து' ஆகிவிடும். இரண்டும் நற்றமிழ் வழக்கில் உள்ள சொற்கள். எழுத்தும் மயக்கமும் இரண்டிற்கும் இசையும். எது வேண்டுமென்பதைச் சொல்லும் தொடரும் அறிந்தாலன்றி அறியலாகாது. எழுத்ததிகாரம் முடிந்து சொல்லதிகாரம் தொடங்கும் இடம் இது.

இன்று கைப்பேசியில் எழுதும் மாணவர் பலர் உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்துப் பொறி காட்டும் சொற்பட்டியலிலிருந்து பொறுக்குகின்றனர். பொறி ஆங்குச் சொல்லறிவு பெற்றுவிட்டது எனலாம். ஆனால் ல, ள, ழ வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் அடிப்பவன் விரலினின்று நீங்கிப் பட்டியலுக்குச் சென்றுவிட்டன. தமிழ் 99 இல் இவை ஒவ்வொன்றிற்கும் தனியிடம் உண்டு; எழுத்தை அறியாதவன் சொல்லை அடிக்க இயலாது. மேற்கூறிய குறைகள் இருப்பினும் நான் இப்பலகையின் பக்கமே நிற்பது இதனால்.

ஆய்வு மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று எஞ்சியுள்ளது. தற்கால உரைநடையிலும் பழைய உரைகளிலும் ஒத்த அளவு பக்கங்களை எடுத்து, அகரவிசை இடையீடு வேண்டும் சொற்களைத் திரட்டி, அவற்றுள் மொழிமுதல் விதியால் தீர்வன, ஈரொற்று விதியால் தீர்வன, பொருளாலன்றித் தீராதன என வகுத்து எண்ணுதல் வேண்டும். முதல்வகையே மிகுதியாக இருக்கும் என எதிர்பார்க்கிறேன்.